கார்ட்டூன் ஜோக்கில் சிரிப்பை எங்கே ஒளித்து வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை வைத்து மூன்று கட்டத்தில் ஒரு ஜோக் வரைவோம். ஆடி மாதத்தில் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் அதை நம்பித்தான்.

முதல் கட்டம், டீக்கடை. இடது ஓரத்தில் மாஸ்டர். வலது கோடி பெஞ்சில் ஒருவர், முன்னால் காலி கிளாஸ். "அண்ணே, ஒரு டீ." சுவரில் காலண்டர் லேசாகத் தூக்கி நிற்கிறது. என்னிடம் வரையப் பழகும் பிள்ளைகள் இங்கேதான் அவசரப்பட்டு, "என்னா காத்து!" என்று யாரையாவது பேச வைத்துவிடுவார்கள். பேசினால் வாசகர் உஷாராகிவிடுவார். காலண்டர் கண்ணில் பட்டும் படாமலும் இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால் கடைசிக் கட்டம் வெறும் கிறுக்குத்தனமாகிவிடும்.

இரண்டாம் கட்டத்தில் பேச்சே கிடையாது. அதே கடை, அதே கோணம். மாஸ்டரின் கை மட்டும் டீ ஆற்ற மேலே போயிருக்கிறது. இதை வீண் என்று வெட்டிவிடாதீர்கள், எனக்கு இதுதான் ஜோக்கின் உயிர். நம்மூர் வில்லுப்பாட்டில் புலவர் வரியை நிறுத்தியதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவாரே, அந்த இடைவெளி மாதிரி. மேடையில் வாயை மூடினாலே மௌனம் வந்துவிடும். தாளில் அதையும் வரைந்துதான் ஆக வேண்டும். கோணத்தை மாற்றினால் கண் 'என்னவோ நடக்கப்போகிறது' என்று தேட ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் கட்டம். டீ கீழே விழாமல் கடைக்குக் குறுக்கே ஒரே கோடாகப் பறந்து அவர் கிளாஸில் இறங்குகிறது. நாம் இடமிருந்து வலம் படிப்பவர்கள், அதனால் கண்ணும் டீயோடு ஓடி கிளாஸில் வந்து நிற்கும். அதற்குக் கீழே அவர் பேசும் வசன பலூன்: "அண்ணே, இனிப்பு கொறவு."

அவர் முகத்தில் துளி ஆச்சரியம் கூடாது. வாசகர் பட வேண்டிய ஆச்சரியத்தை அவரே பட்டுவிட்டால் சிரிக்க என்ன மிச்சம்? வசனத்தையும் நீட்டாதீர்கள். "இனிப்பு கொஞ்சம் கொறவா இருக்கே அண்ணே" என்று எழுதினால் சிரிப்பு வந்த பிறகும் வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், டீக்கோட்டை மெல்லிய பேனாவால் போடுங்கள். தடித்த மை என்றால் பக்கத்தைத் திறந்ததுமே கண் அங்கே தாவிவிடும். வரைந்து முடித்ததும் வீட்டில் யாரிடமாவது ஒன்றும் சொல்லாமல் நீட்டி, அவர் கண்ணைக் கவனியுங்கள். நேரே மூன்றாம் கட்டத்துக்குப் போனால் கோட்டை இன்னும் மெலிதாக்குங்கள். "டீ எப்படிப் பறந்தது?" என்று கேட்டால் காலண்டரை இன்னும் கொஞ்சம் தூக்கி வரையுங்கள்.