பஞ்சாரண்யத் தலங்களை ஒரே நாளில் வழிபடும் முறை

காவிரியின் தென்கரையில் உள்ள, ஐந்து வனங்களாகப் போற்றப்படும் பஞ்சாரண்யத் தலங்கள் ஐந்தையும் விடியலில் தொடங்கி, இரவின் கடைசிப் பூசை வேளையான அர்த்தசாமத்தில் நிறைவுறும்படி ஒரே நாளில் தரிசிப்பது மரபு. ஐந்தும் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்றவை. ஒவ்வொரு வனத்துக்கும் ஒரு பூசை வேளை உரியது என்பதால், வண்டி ஓட்டுபவரின் வசதிக்காக வரிசையை மாற்றிக்கொள்வது முறையன்று.

முல்லைவனமாகிய திருக்கருகாவூரில் விடியற்காலைப் பூசை வேளையான உஷத்காலத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே முதல்நாள் இரவே கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தங்கிவிடுவது நல்லது. முல்லைவனநாதர் புற்றுமண்ணாலான சுயம்புலிங்கம் ஆதலால் அவருக்கு நீராட்டு கிடையாது. பால் கொண்டுபோக வேண்டாம், புனுகு சாத்துவதே இங்குள்ள வழக்கம். முனிவர் ஒருவரின் சாபத்தால் கலைந்த, வேதிகை என்ற பெண்ணின் கருவை அம்பாள் குடத்திலிட்டுக் காத்துக் குழந்தையாக்கித் தந்தாள் என்கிறது தலவரலாறு. கர்ப்பரட்சாம்பிகை என்ற பெயர் அதனால் வந்தது. பிள்ளை வரம் வேண்டுவோர் சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, பூசித்த நெய்யைப் பிரசாதமாகப் பெறுவர். சுகப்பிரசவம் வேண்டுவோருக்கு உரியது விளக்கெண்ணெய். நெய் உண்பதற்கு, எண்ணெய் வயிற்றில் தடவுவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, காலைப் பூசையான காலசந்திக்குப் பாதிரிவனமாகிய அவளிவணல்லூர். காசிக்குப் போய்த் திரும்பிய ஒருவர், அம்மை நோய் கண்டு பார்வையும் அழகும் இழந்திருந்த மனைவியை ஏற்க மறுத்து, அவளுடைய தங்கையையே தம் மனைவி என்று சாதித்தாராம். இறைவன் தோன்றி ‘அவள் இவள்’ என்று உண்மையை உரைத்ததால் இங்கே சுவாமி சாட்சிநாதர் ஆனார். கணவனின் பொய்யை அம்பலத்தில் உடைத்த இந்தக் கதைக்காகவே நான் இங்கே சற்றுக் கூடுதல் நேரம் உட்காருவது உண்டு.

உச்சிக்காலத்துக்கு வன்னிவனமாகிய அரித்துவாரமங்கலம். திருமால் பன்றி உருவெடுத்து ஈசனின் திருவடி தேடி நிலத்தை அகழ்ந்த இடம் இதுவே என்பர், சுவாமி பாதாளேசுவரர். நடை சாத்துமுன் சேர்ந்துவிட வேண்டும், தவறினால் வேளை போய்விடும்.

பிற்பகல் நெடிய இடைவெளி. உணவைக் கையோடு கொண்டுபோய் மர நிழலில் உண்பது உத்தமம். மாலைப் பூசையான சாயரட்சைக்குப் பூளைவனமாகிய ஆலங்குடி; குரு தலமாகப் புகழ்பெற்றதால் வியாழக்கிழமையில் இங்கே நெரிசல் மிகும். அந்தக் கிழமையைத் தவிர்த்து நாள் குறிப்பதும், தட்சிணாமூர்த்தியை மட்டும் வணங்கிவிட்டு ஓடாமல் ஆபத்சகாயேசுவரரையும் ஏலவார்குழலியம்மையையும் தொழுவதும் அவசியம்.

அர்த்தசாமத்துக்கு வில்வவனமாகிய திருக்கொள்ளம்பூதூர். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் இல்லாத வேளையில், அடியார்களுடன் ஓடத்தில் ஏறிய சம்பந்தர் ‘செல்ல உந்துக’ என்று பாட, துடுப்பில்லாமலே ஓடம் கரை சேர்ந்தது. கிராமத்துக் கோயில்களில் இரவுப் பூசை முன்னதாகவே முடிந்துவிடுவதுண்டு. எனவே குருக்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, வில்வமும் விளக்குக்கு எண்ணெயும் கையோடு எடுத்துச் சென்று, அந்தப் பதிகத்தை ஓதியபடி பிராகாரம் வலம்வந்து வழிபாட்டை நிறைவு செய்யலாம்.