கோட்டைக் கழற்றி மைக்கைப் பிடிக்க: ஒரு குழித்துறை வக்கீலின் குறிப்புகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் இருக்கும் குழித்துறை கோர்ட்டில் இருபது வருஷத்துக்கு மேல் சிவில் பக்கம் ஓட்டியவள் நான். பாகப்பிரிவினை, வழிப்பாதை, ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறு, இதுதான் பிழைப்பு. இப்போது மார்த்தாண்டம், நாகர்கோவில், திருவனந்தபுரம், எப்போதாவது சென்னை என்று மேடையேறி ஆட்களைச் சிரிக்கவைக்கிறேன். “நானும் இப்படி வந்துரலாமா அக்கா?” என்று ஜூனியர் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் சன்னது, அதாவது வக்கீல் தொழில் நடத்தும் உரிமம். வழக்கறிஞர் சட்டம் 1961-இன் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளில் 47-ஆவது, வக்கீல் தானே நேரடியாக வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்கிறது. 51-ஆவது விதி ஒலிபரப்பு, பத்திரிகை எழுத்து, சொற்பொழிவு, பாடம் நடத்துவது ஆகியவற்றுக்கு இடம் விடுகிறது. டிக்கெட் போட்டு ஆளைச் சிரிக்கவைப்பது சொற்பொழிவா, வியாபாரமா? வாதாட நல்ல கேள்விதான். ஆனால் சொந்த சன்னதைப் பணயம் வைத்து அதை வாதாட வேண்டாம். முழுசாக இறங்குவதென்று முடிவு செய்தால் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துத் தொழிலை நிறுத்திவையுங்கள். பிறகு மனசு மாறினால் திரும்ப விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் கையில் இருக்கும் வழக்குக் கட்டுகளை ஒழுங்காக ஒப்படையுங்கள். கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, வேறு வக்கீல் வக்காலத்து போட ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, செய்யாத வேலைக்கு வாங்கின பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுவும் விதியில் இருப்பதுதான். பீஸைத் திருப்பிக் கொடுத்த வக்கீல் என்று ஊரில் பேச்சு கிளம்பும். அதைவிடப் பெரிய விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

நிகழ்ச்சி நடத்துகிறவர், “கவுன், கழுத்துப்பட்டை எல்லாம் போட்டுட்டு வாங்க மேடம், ஜோரா இருக்கும்” என்பார். மறுத்துவிடுங்கள். கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணியக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நான் சுங்கடிச் சேலையில் போகிறேன். யாரோ ஒரு பையனுடைய அம்மா சாவி கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் வழி விடுகிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, எதைப் பேசுவது? எல்லா வக்கீலும் முதலில் நினைப்பது ஒன்றுதான்: என்னிடம் இல்லாத கதையா! கதை இருக்கிறது, ஆனால் அது உங்களுடையது இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவின்படி, கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. பெயரை மாற்றிவிட்டேன் என்பதெல்லாம் எங்கள் பக்கம் செல்லாது. களியக்காவிளையில் ஒரு வேலித் தகராறைச் சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையில் ஒருவர் அது யார் வேலி என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே வழக்கை எடுக்காதீர்கள். வழக்கில் பார்த்த மனுஷ குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் புதிதாகக் கட்டுங்கள்.

எப்படிக் கட்டுவது என்பதற்கு என்னுடைய ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். இப்படி ஒரு வழக்கு நடக்கவில்லை, முழுக்கக் கற்பனை. நான் எடுத்துக்கொண்ட குணம் இதுதான்: பலன் வரும்போது என்னுடையது, செலவு வரும்போது உன்னுடையது. வக்கீல் புத்தியில் அது முதலில் இப்படித்தான் வரும் (சக்கை என்றால் எங்கள் ஊரில் பலா):

“தாவா சொத்தின் மேற்கு எல்லையில் நிற்கும் சக்கை மரம் ஒன்றுக்கு அண்ணனும் தம்பியும் உரிமை கோருகிறார்கள். நீதிமன்றம் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கிறது. அவர் சர்வேயருடன் போய் இரு தரப்பு முன்னிலையில் அளக்கிறார். அப்போது மரத்திலிருந்து ஒரு சக்கை விழுந்து கமிஷனருடைய ஸ்கூட்டர் சேதமாகிறது. உடனே இருவரும் மரம் தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.”

ஒரு குறையும் சொல்ல முடியாத பிராது. ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். மேடையில் இப்படிச் சொல்கிறேன்:

“ஒரு சக்கை மரம். அண்ணன் சொல்றான், எனக்க மரம். தம்பி சொல்றான், எனக்க மரம். பதினோரு வருஷம் கேஸு. கடைசியில கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்புது. அவரு வந்து ஸ்கூட்டரை நல்ல நிழலாப் பாத்து நிறுத்துறாரு.”

இங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சிரிப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருங்கள்.

“தொப். அண்ணன் சொல்றான், அது அவனுக்க மரமாக்கும் சாரே.”

அவ்வளவுதான். சர்வேயர் போய்விட்டார், மேற்கு எல்லை போய்விட்டது, தம்பி வாயே திறக்கவில்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பைப் பதிவு செய்யாமல் விட்டால் அப்பீலில் அடிபடும். இங்கே தம்பி பேசினால் சிரிப்பு அடிபடும். சொல்லாமல் விட்ட பாயிண்ட் பிறகு நம்மைக் கடிக்கும் என்ற பயத்தில்தான் வக்கீல் வாழ்க்கை முழுக்க ஓடுகிறது. அந்தப் பயம் போக நாளாகும். எழுதினதைச் சத்தமாகப் படியுங்கள், ‘ஆகவே’, ‘மேலும்’, ‘குறிப்பிட்ட’ எல்லாவற்றையும் வெட்டுங்கள், வெட்டின பிறகும் கதை நிற்கிறதா பாருங்கள். மறுபடி வெட்டுங்கள். சென்னை மேடைக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன்: தொடக்கத்திலேயே, “ஒவ்வொண்ணும் பதினஞ்சு கிலோ” என்று மரத்தை அண்ணாந்து பார்ப்பேன். பழத்தைச் சுளையாக மட்டும் பார்த்தவர்களுக்கு அது விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

எழுதினதை எங்கே சொல்லிப் பார்ப்பது? பார் அசோசியேஷன் அறையில் வேண்டவே வேண்டாம். நீதிபதி ஒரு மொக்கை ஜோக் அடித்தால் டவாலி போட்ட சேவகர் முதல் சீனியர் வரை குலுங்கிச் சிரிக்கிற இடத்தில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே சிரிப்புக்கும் ஜோக்குக்கும் சம்பந்தமே கிடையாது. உங்களை யாரென்று தெரியாத கூட்டம் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஓபன் மைக் (பெயர் கொடுத்த யாரும் மேடையேறலாம்) நடக்கும் நாளில் போய்ப் பெயர் கொடுங்கள். கொடுக்கும்போதே ஆரம்பத்திலேயே மேடையேற நேரம் கேளுங்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இனி எல்லைக் கதை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தவர்கள். அதனால் விளவங்கோடு பக்கத்துப் பழைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதில் 1120 என்பது நமக்கு 1944-45. “1120 தனு மாசத்தில எழுதின பத்திரம்” என்று சென்னையில் சொன்னால் அரங்கம் திகைத்துப்போகும். குலோத்துங்க சோழன் காலத்திலிருந்து வாய்தா வாங்குகிறோம் என்று நினைப்பார்கள். நானும் மறுக்க மாட்டேன், “அன்னைக்குப் போட்ட கேஸுதான், அடுத்த வாய்தா தை மாசம்” என்று நகர்ந்துவிடுவேன். இதே வரி திருவனந்தபுரத்தில் செத்துவிடும். கொல்லம் ஆண்டு அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. 1120 என்றால் தாத்தா கல்யாணம் முடித்த வருஷம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அங்கே, மலையாளப் பத்திரத்தைத் தமிழ்நாட்டு ஆபீசில் நீட்டினால் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கைத்தான் பேசுவேன். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் ஓரத்தில் அது எந்தக் கரையில் செல்லும் என்று குறித்துவையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை தாண்டினால் வேகத்தையும் குறைக்க வேண்டும். தமிழ்ப் படம் பார்த்துப் பழகின காதுதான், ஆனால் நம் குமரிப் பேச்சு ஓடுகிற வேகம் படத்தில் வராது. மிமிக்ரி கேட்டு வளர்ந்த ஊர் அது. “சேச்சி, ஒரு சவுண்டு எடுக்காமோ?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வராத வித்தையை முயற்சி செய்யாதீர்கள்.

கூட்டத்தில் ஒருவர் குறுக்கே பேசினால் உங்கள் கை தானாகக் குறுக்கு விசாரணைக்குப் போகும். “நீங்க பஸ்ஸிலதானே வந்தீங்க? டிக்கெட் எடுக்கலதானே?” என்று மடக்கி மடக்கிக் கேட்கத் தெரிந்த வாய். முதல் கேள்விக்குச் சிரிப்பார்கள். மூன்றாவதில் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவர் சம்மன் வாங்கி வந்தவர் இல்லை, காசு கொடுத்து வந்தவர். ஒரு கேள்வியோடு விடுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு சீனியர் என்னிடம், “கலைவாணர் சிரிப்பிலிருந்து கோர்ட்டுக்குப் போனாரு. நீ கோர்ட்டிலிருந்து சிரிப்புக்குப் போற” என்றார். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கி, வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானவர். அது ஜோக்கால் வந்த வினை இல்லை. ஆனால் இப்போது ஜோக்கே போதும். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதான மேடை நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபாரூக்கிக்கு பிப்ரவரி 5-இல்தான் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, அவதூறுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதான். தீர்ப்பான வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்க அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இடம் தருகிறது. குறிப்பிட்ட ஒரு நீதிபதியின் குரலையும் நடையையும் காட்டிச் சிரிப்பு வாங்குவது வேறு. நான் அந்தப் பக்கமே போவதில்லை. குமாஸ்தா, ஸ்டாம்பு வெண்டர், கோர்ட்டு முன்னால் டீக்கடை, கிறீச்சிடுகிற பழைய ஃபேன் என்று எவ்வளவோ கிடக்கிறது.

பணம் பற்றி ஒரே வார்த்தை: முதல் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துவைத்துவிட்டு வாருங்கள். கோவில் திருவிழாக் கமிட்டியானாலும் சர்ச் விழாவானாலும் தொகை, நேரம், மைக், திரும்பிவர வண்டி நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதினவர்கள் நாம், நமக்கு மட்டும் வாய்வார்த்தையில் நம்பிவிடுவோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் கைகுலுக்க வருவார். மறு கையில் மஞ்சள் பை இருக்கும். “நல்லா சிரிச்சோம் மேடம். ஒரு சின்ன பட்டா விஷயம்” என்பார். தொழிலை நிறுத்திவைத்தவர் ஆலோசனை சொல்லக் கூடாது. யாராவது ஒரு ஜூனியர் நம்பரைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பையை மட்டும் திறக்கவிடாதீர்கள். உள்ளே 1120 தனு மாசத்துப் பத்திரம் இருக்கும், நீங்கள் வாசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், கடைசி பஸ் போய்விடும்.