பாராட்டு விழா சரி, படத்தை யார் பார்த்தார்கள்?

சேலத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு, மதியம் மூன்று மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்து குவிவது கல்லூரிகளின் பிரஸ் நோட்தான். ரத்த தான முகாம், கருத்தரங்கம், புரிந்துணர்வு ஒப்பந்தம், அப்புறம் பாராட்டு விழா. அதிலும் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல், இதழியல், இசை, நாடகம் என்று கலை, ஊடகம் பக்கமிருந்து வருகிற பாராட்டு விழாச் செய்திகள் தனி ரகம். ஜெயித்தது யார், எதற்காக என்று கண்டுபிடிப்பதற்கே இரண்டு தடவை படிக்க வேண்டும்.

பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"காட்சித் தொடர்பியல் துறை சார்பில் பாராட்டு விழா நடைபெற்றது. கல்லூரித் தலைவர் தலைமை வகித்தார். தாளாளர், செயலாளர் முன்னிலை வகித்தனர். முதல்வர் வரவேற்றார். சிறப்பு விருந்தினர் கலந்துகொண்டு, தேசிய அளவிலான குறும்படப் போட்டியில் வெற்றி பெற்ற மாணவ, மாணவியருக்குப் பொன்னாடை அணிவித்து, கேடயம் வழங்கிப் பாராட்டினார். துறைத் தலைவர் நன்றி கூறினார்."

தலைவரும் தாளாளரும் வந்துவிட்டார்கள். படத்தின் பெயர் வரவில்லை. எடுத்தவர்கள் பெயர் இல்லை, எந்தப் போட்டி, என்ன பரிசு என்பதும் இல்லை. கூடவே வரும் போட்டோவில் பதினைந்து பேர் நிற்பார்கள். அதில் மாணவர்கள் யார் என்று சீருடையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இந்தச் செய்தியை இரண்டு வரியாக வெட்டி ஓரத்தில் போடுகிறார்கள் என்று கல்லூரிக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வெட்டாமல் என்ன செய்வது? அதில் இருக்கும் செய்தியே இரண்டு வரிதானே.

அதே விஷயத்தை வேறு மாதிரி எழுதலாம். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: "சிவதாபுரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் மூன்று பெண்களைப் பற்றி, இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் 14 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. பட்டறைச் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும்தான் கேட்கின்றன. அந்தப் படம் இன்ன திரைப்பட விழாவில் திரையிடத் தேர்வாகியிருக்கிறது." இவ்வளவு போதும். படிக்கிறவருக்குப் படத்தைப் பார்க்கத் தோன்றும். செய்தி ஆசிரியருக்கும் நாலு காலம் அகலத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று யோசனை வரும். தலைவர், தாளாளர் பெயர்களைக் கடைசிப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆட்சேபிப்பார்களோ என்ற பயத்தில்தான் இந்தத் தவறு வருடா வருடம் நடக்கிறது.

பாராட்டுகிறவர்கள் படைப்பைப் பார்க்காமலேயே பாராட்டுவதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் மூலம். ஓவியம் மேடையில் இருக்காது, ஓவியம் வரைந்ததற்கான சான்றிதழ் இருக்கும். விழா ஒன்றரை மணி நேரம் நடக்கும், 14 நிமிடப் படத்தைப் போட நேரம் இருக்காது.

விருது எது, தேர்வு எது, ரசீது எது

குறும்பட உலகில் இன்று நடப்பது தெரியாமல் கொண்டாடக் கூடாது. ஃபிலிம்ஃப்ரீவே மாதிரியான தளங்களில் நுழைவுக் கட்டணம் கட்டிப் படத்தை அனுப்பலாம். அதில் நல்ல விழாக்களும் உண்டு. மாதாமாதம் "சர்வதேச விழா" நடத்தி, அனுப்பியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு பக்கமும் இலை வரைந்த ஒரு முத்திரையை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிற விழாக்களும் உண்டு. அந்த முத்திரையைப் போஸ்டரில் ஒட்டி, "பாரிஸ் திரைப்பட விழாவில் சேலம் மாணவர் சாதனை" என்று ஃபிளெக்ஸ் வைத்துவிட்டால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாவம், அந்தப் பையன் உண்மையிலேயே நல்ல படம் எடுத்திருப்பான், அவனும் சேர்ந்து கேலிக்கு ஆளாவான்.

சரிபார்ப்பது பெரிய வேலையில்லை. விழா ஏதாவது ஓர் அரங்கில் ஆட்களுக்கு முன் படம் காட்டுகிறதா? நடுவர்கள் யார் என்று வெளிப்படையாகச் சொல்கிறதா? ஒரே பிரிவில் எத்தனை பேருக்குப் பரிசு? தேர்வான பிறகு கோப்பைக்குத் தனியாகப் பணம் கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், கையில் இருப்பது விருது இல்லை, ரசீது.

மறுபக்கம், உண்மையான பெருமையைச் சாதாரணமாகத் தாண்டிப் போவதும் நடக்கிறது. ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்குமென்றே 1990லிருந்து மும்பையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச விழா, திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாதமி 2008லிருந்து நடத்தும் விழா, இவற்றிலெல்லாம் ஒரு மாணவர் படம் திரையிடத் தேர்வானாலே அது பெரிய செய்தி. "பரிசு வரலையே, தேர்வு மட்டும்தானே" என்று துறையே சுருதி குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் வாங்கின கோப்பைக்கு மேளதாளம், இதற்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

மேடைக் கலைகளிலும் இதே குழப்பம். ஏற்காடு கோடை விழாவில் ஆடியதற்குக் கொடுத்த பங்கேற்புச் சான்றிதழ் "முதல் பரிசு" ஆகிவிடும். மாவட்டக் கலை மன்றம் வழியாக அரசு கொடுக்கும் விருதுகள் வயதுவாரியானவை. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, அதற்கு மேல் சுடர்மணி, நன்மணி, முதுமணி. கலைமாமணி வேறு, அதை மாநில அளவில் இயல் இசை நாடக மன்றம் வழங்குகிறது. கலை வளர்மணி வாங்கிய மாணவியைக் "கலைமாமணி" என்று போட்டு பேனர் அடித்தால் சங்கடப்படப் போவது அந்தப் பெண்தான்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளைஞர் விழாவுக்கும் ஒரு வார்த்தை. அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துவது. மண்டல அளவில் ஜெயித்தால்தான் தேசிய அளவு. மண்டலப் பரிசைத் "தேசிய அளவில்" என்று எழுதாதீர்கள். குழு நடனத்தில் பத்துப் பேர் ஆடிப் பெற்ற ஒரு பரிசைப் பத்துப் பரிசாகவும் கணக்கு காட்டாதீர்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் கையேடே குழுப் போட்டியின் பரிசை ஒன்றாகத்தான் எண்ணச் சொல்லியிருந்தது. சான்றிதழ் நகலையும் கேட்டது.

ஆசிரியர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டல் அரங்கில் பொன்னாடை போர்த்திக் கொடுக்கும் "சிறந்த ஆசிரியர்" பட்டங்களும், ஏதோ ஓர் அமைப்பு கொடுக்கும் கௌரவ டாக்டர் பட்டங்களும் சரிபார்க்காமல் கல்லூரி இணையதளம் வரை ஏறிவிடுகின்றன. 2023ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு திரையுலகப் பிரபலங்களுக்குப் போலிக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து, விவகாரம் போலீஸ் வரை போனது. பிரபலங்களே ஏமாறும்போது, ஊர்க் கல்லூரியின் பாராட்டுக் குழு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

"முதன்முறையாக" என்று எழுதும் முன்

சேலத்தில் இருந்துகொண்டு சினிமா பற்றி "முதன்முறையாக" என்று எழுத நிறையத் தைரியம் வேண்டும். ஏற்காடு சாலையில் அலங்கார வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில், அதன் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் 1938லேயே மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' படத்தைத் தயாரித்துவிட்டார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956ல் அதே வளாகத்திலிருந்து வந்ததுதான். அந்த வளைவைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிற மாணவர்களின் படத்துக்கு "சேலம் வரலாற்றில் முதன்முறையாக" என்று அடைமொழி போட்டு அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் புதிதாக என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதலாமே.

பெயர் விடுபடும் இடங்கள்

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். குறும்படம் என்றால் இயக்குநருக்கு மட்டும் சால்வை. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு செய்தவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஒலிப்பதிவு செய்கிற பையன் இரவெல்லாம் மைக் கம்பைத் தூக்கிப் பிடித்துத் தோள் வலியோடு வந்திருப்பான். அவன் பெயர் படத்தின் முடிவில் ஓடும், பிரஸ் நோட்டில் ஓடாது. வேலை வாய்ப்பு என்று வரும்போது அந்தப் பெயர் ஒரு செய்தியில் இருப்பதற்கு மதிப்பு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கு அளிக்கிறது. படைப்பின் உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பின்னும் அது அவரிடமே நிற்கும். "வழிகாட்டிய பேராசிரியரின் படைப்பு" என்று மாணவர் படத்தை மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது கௌரவ விரிவுரையாளர்கள். தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு பார்க்காமல் மாணவர்களை இளைஞர் விழாவுக்குத் தயார் செய்து, ரயிலில் கூட்டிக்கொண்டு போய் வந்தவர் அநேகமாக ஒரு கௌரவ விரிவுரையாளராகத்தான் இருப்பார். மேடையில் அவருக்கு நாற்காலி இருக்காது. நன்றியுரையில் "துறைப் பேராசிரியர்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவரும் அடங்கிவிடுவார். பெயரைச் சொல்லுங்கள், ஒரு பைசா செலவில்லை.

அப்புறம், வெளியிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்தவர். நாட்டுப்புறக் கலைப் பிரிவில் பிள்ளைகள் ஜெயித்திருந்தால், பின்னால் ஓமலூர் பக்கமோ தர்மபுரி பக்கமோ ஒரு கூத்து வாத்தியார் இருப்பார். அடவு சொல்லிக் கொடுத்தவர், புஜக்கட்டையும் கிரீடமும் இரவல் கொடுத்தவர், மத்தளக்காரரை அனுப்பி வைத்தவர். கூத்தில் பாருங்கள், ஒரு சின்ன வேடம்கூடத் திரைக்குப் பின்னால் நின்று தன் பேரும் ஊரும் பாடிவிட்டுத்தான் சபைக்கு வரும். அந்த வாத்தியாரையே நாம் பேர் சொல்லாமல் அனுப்பிவிடுகிறோம். அவரை விழாவுக்கு அழையுங்கள். வந்து போகும் செலவையும், ஒரு நாள் ஆட்டம் விட்டதற்கான தொகையையும் கவரில் வைத்துக் கொடுங்கள். வாத்தியாருக்கு ஏற்கெனவே வீட்டில் பொன்னாடைகள் அடுக்கி வைக்க இடமில்லாமல் இருக்கும்.

படத்தில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்களைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி படம் எடுக்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கேமராவோடு ஏறுகிறவர்கள், பரிசு வாங்கிய பிறகு அந்த ஊருக்குத் திரும்பிப் போவதில்லை. முதல் பாராட்டு விழாவை அந்தக் கிராமத்திலேயே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்டு நடத்தினால் என்ன? புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒரு வேன். ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சொல்லும் குறைகள் எந்த நடுவர் குறிப்பையும்விட உருப்படியாக இருக்கும்.

ஆர்வத்தில் கெடுப்பவை

பரிசு வந்த சந்தோஷத்தில் கல்லூரியின் ஊடகப் பிரிவு முழுப் படத்தையும் அன்றைக்கே யூடியூபில் ஏற்றிவிடும். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் பல உண்டு. ஆக, அந்தப் படம் அடுத்து போக வேண்டிய வாசலை அதன் சொந்தக் கல்லூரியே மூடிவிடுகிறது. முன்னோட்டம் ஒரு நிமிடம் போடுங்கள், படத்தை இயக்குநரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

பாட்டு விஷயமும் உண்டு. மாணவர்களும் ஆசிரியர்களும் கல்லூரி நிகழ்ச்சியில், தாங்களும் பெற்றோரும் மாதிரி கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள் மட்டுமே இருக்கிற சபைக்கு முன் ஒரு பாட்டைப் பாடுவதற்கும் ஆடுவதற்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் இணையத்தில் விடும்போது அந்த விலக்கு பொருந்தாது. காணொளி பாதியில் ஊமையாகி நிற்பது இதனால்தான்.

"கூலித் தொழிலாளி மகள் சாதனை" என்ற தலைப்புக்குப் பத்திரிகைக்காரர்களான நாங்களும் காரணம், மறுக்கவில்லை. அந்தத் தலைப்பு விற்கிறது, கல்லூரியும் அதையே எழுதி அனுப்புகிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? சிலருக்கு அது பெருமை, அப்பாவை மேடையேற்றிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சிலருக்கு அடுத்த நாள் வகுப்புக்கு வரவே கூசும். கேட்டுவிட்டு எழுதினால் பிரச்சினையே இல்லை. மாணவிகளின் கைபேசி எண்ணைப் போஸ்டரில் "தொடர்புக்கு" என்று போடுவதை மட்டும் கேட்டும் செய்ய வேண்டாம்.

பேனர் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 2019ல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். வாசலுக்கு வெளியே, சாலையோரம் கட்டுவதாக இருந்தால் முறையான அனுமதி வாங்க வேண்டும். வளாகத்துக்குள்ளேயே நடைபாதையில் படத்தின் பத்து ஸ்டில்களை அச்சிட்டு மாட்டினால் செலவும் குறைவு, நின்று பார்ப்பவர்களும் அதிகம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். கேடயம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும், விழா போட்டோ கணினியில் இருக்கும், படம் இருக்காது. எடுத்தவர் பாஸாகிப் போயிருப்பார், அவருடைய லேப்டாப் ரிப்பேர், கூகுள் டிரைவ் இணைப்பு செத்துப் போயிருக்கும். அடுத்த வருட மாணவர்களுக்குக் காட்டவோ, மதிப்பீட்டுக் குழு கேட்டால் கொடுக்கவோ துறையிடம் எதுவும் மிஞ்சாது. பாராட்டு விழாவுக்கான பட்ஜெட்டில் முதல் செலவாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லுங்கள். ஒன்று துறையில், இன்னொன்று நூலகத்தில். முழுத் தரத்தில் படம், வசனத்தின் எழுத்து வடிவம், வேலை செய்த அத்தனை பேரின் பெயர்ப் பட்டியல், படத்தில் வந்தவர்களின் சம்மதக் கடிதம், விழாவிலிருந்து வந்த கடிதத்தின் நகல், எல்லாம் ஒரே ஃபோல்டரில். இவ்வளவையும் வாங்கி வைத்த பிறகு சால்வைக்குப் போங்கள்.