பொறியியலா, இயற்பியலா: விண்ணப்பிக்கும் முன்

சிங்கப்பூரின் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் இவ்விரு துறைகளும் உண்டு. பாடத்திட்டத்தை எடுத்து நேராக மூன்றாம் ஆண்டுக்குப் போங்கள். முதலாண்டுக் கணிதமும் இயக்கவியலும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். அதை மட்டும் பார்த்துச் சேர்பவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள். இயற்பியலில் குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல் என்று கணிதம் ஆழமாகிக்கொண்டே போகும். இயந்திரப் பொறியியலில் வெப்பப் பரிமாற்றம், கட்டுப்பாட்டு முறைமைகள், குழுவாகச் செய்யும் வடிவமைப்புத் திட்டப்பணி. ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல் தூக்கம் வராதவருக்கு இயற்பியலே பொருந்தும், ஏ நிலைத் தேர்வின் எச்2 பாடங்களில் மதிப்பெண் எதுவானாலும்.

ஒன்றை மறக்கவேண்டாம்: சிங்கப்பூரில் நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவுபெற, அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் தேவை. கட்டட வரைபடத்தில் கையொப்பமிடும் பொறுப்பு வேண்டுமென்றால் இயற்பியல் பட்டம் போதாது. குறைக்கடத்தித் துறையிலோ இருவருக்கும் இடமுண்டு.