படகின் தண்ணீர்த் தொட்டி: எப்படிக் கழுவுவது, எப்போது மாற்றுவது

லாசரஸ் தீவுக்கு அருகே நங்கூரம் போட்டிருந்தோம். சின்னம்மா தேநீர்க் குவளையை மூக்கருகே கொண்டுபோனார்; குடிக்காமல் கீழே வைத்தார். "தம்பி, இந்தத் தண்ணீரை எங்கே பிடித்தாய்?" என்று கேட்டார். படகுத்துறைக் குழாயில்தான் பிடித்தேன். வீட்டில் குடிக்கிற அதே தண்ணீர். ஆனால் பிடித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர்மேல் பழி போட வழியில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் அதில் சிறிதளவு குளோரமைன் கலந்தே அனுப்புகிறது. அது இருக்கும்வரை கிருமிகள் தலைதூக்காது. நாள் ஆக ஆக அந்தக் காவல் மெலிந்துவிடும். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகும் படகில் தண்ணீர் தேங்கியேதான் கிடக்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் தொட்டி உறைந்து வெடிக்காமல் காப்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நமக்கோ ஆண்டு முழுவதும் வெக்கை. கிருமிகளுக்கு அது மாமியார் வீட்டு விருந்து.

நான் ஆண்டுக்கு இரண்டு முறை கழுவுகிறேன்: போகிக்கு ஒன்று, தேசிய தினத்துக்கு முன் ஒன்று. தேதியை இப்படிக் கட்டிவைத்தால் மறக்காது. அரைநாள் வேலை, அதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான்.

தொடங்கும் முன்

உங்கள் தொட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்கும் கண்ணாடியிழைத் தொட்டிக்கும் சாதாரண பிளீச் போதும். எவர்சில்வர் என்றால் பிளீச் நீரைப் பின்னால் சொல்லும் நான்கு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். அலுமினியம் என்றால் பிளீச்சைத் தொடவே வேண்டாம், அரித்துவிடும். அலுமினியத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும் தொட்டிச் சுத்திகரிப்பான் வாங்குங்கள்.

படகில் வெந்நீர்க் கலன் இருந்தால் முதல் வேலை அதன் மின்சாரத்தை நிறுத்துவது. தண்ணீர் வற்றிய கலனில் மின்சாரம் ஓடினால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். கரி வடிகட்டி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பிளீச்சில் உள்ள குளோரினை அது விழுங்கிவிடும், அதற்கு அப்பால் உள்ள குழாய்க்கு ஒன்றும் போய்ச் சேராது.

திறந்து பார்ப்பது

குழாய்களைத் திறந்து தொட்டியைக் காலி செய்யுங்கள். பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள். இருக்கைப் பலகையைத் தூக்கினால் தொட்டியின் மேல் கையகல வட்ட மூடி ஒன்று தெரியும். திருகித் திறந்து, கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள். வெண்டைக்காய் நறுக்கிய விரல்போல வழுக்கினால், அதுதான் நாற்றத்தின் வேர். பிளீச் அந்த வழுவழுப்பின் மேற்பரப்பை மட்டும் கொன்றுவிட்டு நின்றுவிடும். அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் தேய்க்க வேண்டும். புதுத் துணியும் சமையல் சோடாவும் போதும். வாசனைச் சோப்பு வேண்டாம், அந்த மணம் மாதக்கணக்கில் போகாது. உள்ளே அலைதடுப்புத் தகடுகள் இருந்தால் அவற்றின் பின்பக்கத்தையும் தேய்க்க மறக்காதீர்கள். கசடு ஒளிந்துகொள்வது அங்கேதான்.

பம்புக்கு முன்னால் உள்ள சிறிய வடிகட்டிக் கிண்ணத்தையும் கழற்றுங்கள். என் கிண்ணத்தில் சுருள்சுருளாக வெள்ளைப் பிளாஸ்டிக் சீவல் கிடந்தது. யாரோ எப்போதோ தொட்டியில் துளை போட்டபோது விழுந்தது. பம்பு ஏன் முனகுகிறது என்று நான் ஓராண்டு யோசித்திருந்தேன்.

பிளீச் கணக்கு

கணக்கு எளிது. 5 விழுக்காடு பிளீச் என்றால், 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிலிட்டர். என் தொட்டி 120 லிட்டர், ஆகவே 120 மில்லிலிட்டர். மணமும் கெட்டிப் பதமும் இல்லாத வெறும் பிளீச்சாகப் பாருங்கள். தொட்டியைப் பாதி நிரப்பி, பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயையும், சுடுநீர்ப் பக்கத்தையும், தளத்தில் உள்ள குளியல் குழாயையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

காலி செய்யும் முன் ஒரு வேலை. குளோரின் மீன்களுக்கு ஆகாது, படகின் கழுவுதொட்டி நீரோ நேரே கடலுக்குப் போகிறது. வைட்டமின் சி தூள் குளோரினை முறித்துவிடும். 120 லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் வரை போதும். பிறகு வடித்து, நிரப்பி, வடித்து, வாடை போகும்வரை அலசுங்கள். வாடையைப் போக்க வினிகர் ஊற்றச் சொல்வார்கள். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் படகில் வைக்காமலிருப்பதே என் வழக்கம்.

காற்றுக்குழாயும் கொசுவும்

தொட்டியிலிருந்து படகின் பக்கவாட்டுக்குப் போகும் மெல்லிய குழாய்தான் தொட்டியின் மூக்கு. அது அடைத்துக்கொண்டால் நிரப்பும்போது தொட்டி உப்பும், பம்பு இழுக்கும்போது ஒடுங்கும். அதன் வாயில் வலை கிழிந்திருந்தால் ஏடிஸ் கொசு உள்ளே புகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வலையை மாற்றச் சில காசுதான் ஆகும்.

நிரப்பும்போது படகுத்துறைக் குழாயை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். வெயிலில் வெந்த தண்ணீர் முதலில் போகட்டும். குடிநீருக்கென்று தனி நெகிழ்குழாய் வையுங்கள். தளத்தில் டீசல் வாயும் தண்ணீர் வாயும் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே மூடியில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துவிட்டுத் திறவுங்கள். சிரிப்பாக இருந்தாலும் நான் படிக்கிறேன்.

எப்போது மாற்றுவது

எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்பு அவ்வப்போது தானாக ஓடினால், பெரும்பாலும் கோளாறு குழாய் இணைப்பில்தான் இருக்கும், தொட்டியில் அல்ல. பம்பை அணைத்த பிறகும் அளவு குறைந்தால்தான் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். சமையல் நிறப்பொடியைத் தொட்டியில் கலந்துவிட்டால், படகின் அடியில் ஊறும் நீர் தொட்டியுடையதா, கடலுடையதா என்று நிறமே சொல்லும். வெடித்த பிளாஸ்டிக்கையும் குழி விழுந்த அலுமினியத்தையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பழைய தொட்டியை வெளியே எடுப்பதுதான் பெரிய பாடு. பல படகுகளில் மேல்தளம் போடும் முன்பே தொட்டியை வைத்துவிடுகிறார்கள்; உள்ளேயே அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். புதியதற்குப் பணம் கட்டும் முன் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் அதே அளவில் ஒரு மாதிரி செய்து, படிவழியாக இறக்கிப் பாருங்கள். என் மாதிரி இரண்டாம் படியிலேயே மாட்டிக்கொண்டது. அதனால் ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் 60 லிட்டரில் இரண்டு வாங்கினேன். நிறைந்தால் ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கு மேல் எடை; படகு சாயும்போது நகராதபடி பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

எல்லாம் மாட்டியதும் முழுக்க நிரப்பி, ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால், அதற்கு நேர்மேலே உள்ள பிடிப்பு வளையத்தை இன்னும் அரைச்சுற்று முறுக்குங்கள்.