லோர் எழுதுங்கள், பிளேயர் கையில் சிக்கும்படி எழுதுங்கள்

ரோல்பிளேயிங் கேம் என்றால் ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம். அதை நடத்துகிற பலருக்கு உலகம் படைப்பதே ஒரு தனி ஆட்டம். எனக்கும் அப்படித்தான். இரவெல்லாம் உட்கார்ந்து வரைபடம் வரைவேன், அரச வம்சங்களுக்கு வாரிசு வரிசை போடுவேன், யாரும் பேசப்போகாத ஒரு மொழிக்கு வேற்றுமை உருபு யோசிப்பேன். இப்படிச் சேரும் கற்பனை உலகத்தின் வரலாறு, வழக்கம், நம்பிக்கை எல்லாவற்றுக்கும் பெயர்தான் லோர். அந்தச் சுகத்தை யாரும் விடவேண்டாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் பகடையோடு உட்கார்ந்து ஆடுவது வேறு ஆட்டம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். தனியாகச் சேர்த்ததை எல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் பிளேயர்கள் மெல்ல போனை எடுத்துவிடுவார்கள்.

அதனால் என்னிடம் இரண்டு நோட்டு. பெரிய நோட்டு எனக்காக. அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். சின்ன நோட்டு செஷனுக்காக, அதாவது ஒருமுறை கூடி ஆடுவதற்காக. ஒரு செஷனுக்கு ஒரு பக்கம்தான். பெரியதிலிருந்து சின்னதுக்கு எது போகலாம் என்று முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த விஷயம் தெரிந்த பிளேயரும் தெரியாத பிளேயரும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வார்களா? ஆமாம் என்றால் போகலாம். மூன்றாம் அரசனின் பட்டப்பெயர் பெரும்பாலும் போகாது. மூன்றாம் அரசன் போட்ட தடை இன்றைக்கும் அமலில் இருந்தால், அது போகும்.

என் உலகத்தில் ஈரணை என்றொரு நகரம் உண்டு. பெரிய நோட்டில் அதற்கு ஏழு அரசர்கள், ஒரு உள்நாட்டுப் போர், கோட்டைக்கு அடியில் தூங்கும் ஒரு டிராகன், அந்த டிராகனோடு நகரம் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: பொழுது சாய்ந்தபின் கோட்டைக்குள் தீ எரியக்கூடாது. இதை முன்னுரையாக வாசித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள்.

நான் அதை வாசலில் வைத்தேன். மாலையில் உள்ளே நுழைகிறவர்களிடம் காவலாளி தீப்பந்தம், எண்ணெய், சிக்கிமுக்கிக் கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு மண்வில்லையைக் கொடுப்பான். கூட்டத்தில் தீ மந்திரம் தெரிந்தவர் இருந்தால் அவர் விரல்களை நூலால் கட்டி அரக்கு முத்திரை வைப்பான். விடியும்போது முத்திரை உடைந்திருந்தால் சிறை. உள்ளே போனால் தெருவெல்லாம் கும்மிருட்டு. பிறவியிலேயே பார்வையில்லாத வழிகாட்டிகள்தான் அங்கே இரவின் ராஜாக்கள். அவர்கள் கேட்கும் கூலிக்குப் பேரம் கிடையாது.

இவ்வளவுக்கும் வரலாறு என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. விரலில் நூல் விழுந்ததும் மந்திரவாதியாக ஆடுகிறவர் தானாகவே கேட்பார்: “ஏன்யா இப்படி?” அப்போது சொல்லுங்கள், அதுவும் இரண்டு வாக்கியத்தில். கேட்பதற்கு முன்னால் சொன்ன லோர் பாடம். கேட்டபின் சொன்னால் அது துப்பு.

இதன் பலன் பிறகுதான் தெரியும். என் மேசையில் திருடனாக ஆடுகிறவர் ஒரு அகல்விளக்கை ஒளித்து உள்ளே கொண்டுபோயிருந்தார். சந்தில் ஒரு அடியாள் கும்பல் சூழ்ந்தபோது வாளை எடுக்கவில்லை. விளக்கை ஏற்றி, தலைவன் காலடியில் உருட்டிவிட்டு, “தீ! தீ!” என்று கத்தினார். தெருவில் இருந்த ஒவ்வொரு கதவும் திறந்தது. அந்தச் சண்டையை ஈரணையின் சட்டமே முடித்து வைத்தது. லோர் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன்: உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் பிளேயரால் திட்டம் போட முடியும். நினைத்த நேரத்தில் நினைத்தபடி எதுவும் நடக்கும் உலகத்தில் திட்டத்துக்கு இடமில்லை, பகடை உருட்டுவது மட்டுமே மிச்சம். “லோரே வேண்டாம், ஜாலியாக ஆடுவோம்” என்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் இது.

நல்ல லோரை விதியாகவே மாற்றிவிட முடிந்தால் இன்னும் நல்லது. 1991ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக வந்த டார்க் சன் உலகத்தைப் பாருங்கள். அது பாலைவனமாகிப்போன உலகம், உலோகம் அரிது. அதனால் எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் செய்த ஆயுதங்கள், அவை உடையவும் செய்யும். மந்திரவாதி அடக்கமில்லாமல் மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிர் உறிஞ்சப்படும். உலகம் ஏன் பாலைவனமானது என்று யாரும் விளக்க வேண்டாம். முதல் மந்திரத்தில் காலடிப் புல் சாம்பலாகும்போதே புரிந்துவிடும். 1978ல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டு வேறு வழியில் போனது. குளோராந்தா என்ற அதன் உலகத்தில் உங்கள் கேரக்டர் எந்தத் தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பல மந்திரங்கள் கிடைக்கும். மந்திரம் வேண்டுமென்று புராணம் படிக்கிறார்கள் பிளேயர்கள்! உங்கள் உலகத்துக்கும் இப்படி ஒன்றிரண்டு விதி போதும். பத்து விதி சேர்த்தால் கணக்குப் பார்ப்பதிலேயே செஷன் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் எவ்வளவு சொல்வது? இதற்கு 1975லேயே ஒரு அருமையான விடை கிடைத்துவிட்டது. அந்த வருடம் வந்த எம்பயர் ஆஃப் தி பெடல் த்ரோன் என்ற விளையாட்டின் பின்னால் டெக்குமெல் என்ற பிரம்மாண்டமான உலகம் இருந்தது. அதற்கென உருவாக்கிய மொழிகள், தெய்வங்கள், குலங்கள் எல்லாம் உண்டு. இத்தனையையும் பிளேயர் எப்படிப் படிப்பார்? படிக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கேரக்டர்கள் படகில் வந்து ஜக்கல்லா துறைமுகத்தில் இறங்கும் அந்நியர்கள். ஊர் வழக்கம் அவர்களுக்கும் தெரியாது, பிளேயருக்கும் தெரியாது. பிளேயர் திணறினால் அது கேரக்டரின் திணறலாகவே ஆகிவிடுகிறது.

பல செஷன்களாக நீளும் கதைக்குக் கேம்பெயின் என்று பெயர். எல்லாக் கேம்பெயினும் அப்படித் தொடங்க முடியாது, சரி. கேரக்டர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றால் முதல் செஷனுக்கு முன்பு அரைப் பக்கம் அனுப்புங்கள். அதற்கு மேல் யாரும் படிக்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். அப்புறம் ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் குடும்பம் எந்தக் கோயிலுக்குள் நுழையக்கூடாது? ஏன்?” பதிலை அப்படியே பெரிய நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தான் சொன்னதை எந்தப் பிளேயரும் மறப்பதில்லை. நீங்கள் எழுதிய ஐம்பது பக்கத்தைவிட அவர் சொன்ன ஒரு வரிக்கு மேசையில் வலு அதிகம். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

சண்டைக்காக வருகிறவர்களுக்கு லோரைச் சண்டைக்குள்ளேயே வைக்க வேண்டும். எதிரிகளை அடித்துக் குறைக்கவேண்டிய வெறும் உயிர்ப்புள்ளிகளாக நிறுத்தாமல், அவர்கள் வரலாறு அவர்களை எப்படிச் சண்டைபோட வைக்கும் என்று யோசியுங்கள். என் உலகத்தின் மலைக்குடி ஒன்று தன் பிணங்களைப் பகைவரிடம் விட்டுப்போகாது; விட்டுப்போன ஆவி எதிரிக்கு அடிமையாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் சண்டையை விட்டுவிட்டு உடலை இழுக்க வருவார். இரண்டாவது சுற்றிலேயே பிளேயர்கள் இதைக் கவனித்துவிடுவார்கள். ஒருவர் இதை வைத்துப் பொறி அமைப்பார், இன்னொருவர் “உடல்களைத் திருப்பித் தருகிறோம், போரை நிறுத்துங்கள்” என்பார். இரண்டாமவர் வாயைத் திறந்த அந்த நொடியில் உங்கள் மலைக்குடியின் முழு மதமும் மேசைக்கு வந்துவிடுகிறது.

பகடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கதை நகரத் தேவையான வரலாற்றைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். கல்வெட்டைப் படிக்க இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, 3 விழுந்து முயற்சி தோற்றால் என்ன செய்வீர்கள்? கல்வெட்டு சொல்வதைச் சும்மாவே கொடுத்துவிடுங்கள். நல்ல எண் விழுந்தால் அதை வெட்டியவன் எதை மறைத்தான் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். முக்கியமான ரகசியம் என்றால் மூன்று இடத்தில் வையுங்கள்: ஒரு கல்வெட்டு, ஒரு கிழவி, எதிரியின் பையில் ஒரு கடிதம். எப்படியும் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

வரைபடத்தில் வெற்றிடம் விடுங்கள். 2012ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டு இதைக் கேம் மாஸ்டருக்கான, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவருக்கான, அறிவுரையாகவே சொல்கிறது. மேசையில் உரக்கச் சொல்லாத எதுவும் இன்னும் உறுதியாகவில்லை என்பது என் வழக்கம். வடக்கே பனி என்று நோட்டில் எழுதியிருப்பேன். ஒரு பிளேயர் தன் பாட்டி வடக்கின் சதுப்பு நிலத்துக்காரி என்றால் அன்றிலிருந்து வடக்கே சதுப்பு நிலம்தான். முன்பு சொன்னதோடு முரண்பட்டுவிட்டால் பதறாதீர்கள். இரண்டு பூசாரிகள் இரண்டு கதை சொல்லட்டும், எது பொய் என்று பிளேயர்களே தேடிப் போகட்டும். சில நேரம் அதுவே அடுத்த சாகசம்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு முக்கியப் பெயர் வேண்டாம். பிளேயர்கள் உங்கள் மாமன்னருக்குப் “பானைத்தலை” என்று பெயர் வைத்தால், அரண்மனைக்கு வெளியே மக்களும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று வைத்துவிடுங்கள்.

லோரை விழுங்கித் தள்ளும் ஒரு பிளேயர் எல்லா மேசையிலும் இருப்பார். அவருக்காக மற்றவர்களைக் காக்க வைக்காதீர்கள். செஷன்களுக்கு இடையில் அவருக்கு மட்டும் ஒரு பழைய கடிதமோ வம்சப் பட்டியலோ அனுப்புங்கள். அதில் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு தகவலும் இருக்கட்டும். அடுத்த வாரம் நீங்கள் சொல்லவேண்டியதை அவரே, கேரக்டரின் குரலில், உங்களைவிட ஆர்வமாகச் சொல்வார்.

செஷன் முடிந்து எல்லோரும் எழுந்ததும் நான் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வேன்: இன்றைக்கு யார் என்ன கேட்டார்கள்? “அந்த முத்திரை அரக்கு எங்கிருந்து வருகிறது?” என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்த வாரம் பெரிய நோட்டில் எழுதவேண்டியது அரக்கு வணிகம். எட்டாவது அரசன் பிறகு பிறந்துகொள்ளட்டும்.