மின் லாரி உங்கள் தடத்துக்கு ஒத்துவருமா? மதுரை லாரி உரிமையாளர்களுக்கான கணக்கு

தொலைதூரச் சரக்குக்கு மின்சார லாரி சரிப்படுமா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. கப்பலூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிக்கு ஒரு பதில். சென்னைக்கு இரவு நடை ஓடும் லாரிக்கு இன்னொரு பதில். கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு நாக்பூர், டெல்லி என்று வாரக்கணக்கில் சுற்றும் லாரிக்கு முற்றிலும் வேறு பதில். எனவே விற்பனையகத்துக்குப் போவதற்கு முன்பு, உங்கள் லாரியின் கடந்த மூன்று மாத டிரிப் ஷீட்டுகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு நடையிலும் ஓடிய கிலோமீட்டரோடு, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் லாரி நின்றது என்பதையும் எழுதுங்கள். நின்ற நேரத்தைப் பெரும்பாலோர் கணக்கில் எழுதுவதே இல்லை. மின் லாரிக்கு அதுதான் டீசல் பங்க். லோடு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறிவிட்டால் அந்த நேரத்துக்குத் தனியாகச் செலவில்லை.

அடுத்து, ஒரு சார்ஜில் உண்மையாக எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கணக்கிடுங்கள். 28.5 டன் மொத்த எடையுள்ள பத்துச் சக்கர லாரியில் 300 யூனிட் பேட்டரி இருப்பதாகவும், முழு லோடில் கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமல் ஓட்டுவதே நல்லது என்பதால், கையில் இருப்பது 240 யூனிட். அதாவது சுமார் 218 கிலோமீட்டர். விளம்பரத்தில் வரும் எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணையே நம்புங்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர். போவதற்கு 154 யூனிட் ஆகும், 146 யூனிட் மிஞ்சும். திரும்பும்போதும் முழு லோடு இருந்தால் அது போதாது. ஆனால் சரக்கு இறங்கும் நேரத்தில் 70, 80 யூனிட் ஏற்றிக்கொண்டால் கவலையின்றி வந்து சேரலாம். சென்னைக்கு 460 கிலோமீட்டர் என்பதால், வழியில் இரண்டு முறை நின்று, ஒவ்வொரு முறையும் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற வேண்டியிருக்கும். மணிக்கு 240 யூனிட் வரை ஏற்றும் 240 கிலோவாட் சார்ஜரில்கூட, பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் குறைவதால், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதே பாதுகாப்பு. ஆக, சென்னை நடை முடியாத காரியமல்ல; இரண்டு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். மல்லிகைப் பூ போல விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்குக்கு அந்த இரண்டு மணி நேரம் பொறுக்காது. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் பொறுக்கும்.

பணக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். அதே எடையுள்ள டீசல் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் விலை 93 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 23 ரூபாய் 25 காசு ஆகிறது. உங்கள் சொந்தக் கூடத்திலேயே சார்ஜ் செய்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுத்து, சார்ஜரில் வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால், மின் லாரிக்குச் சுமார் 12 ரூபாய். கிலோமீட்டருக்கு 11 ரூபாய் மிச்சம். இப்போது அதே லாரியை வழியிலுள்ள பொதுச் சார்ஜரில் யூனிட் 18 ரூபாய்க்கு ஏற்றினால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் 21 ரூபாயைத் தாண்டுகிறது. கிலோமீட்டர் செலவு 23 ரூபாய் 36 காசு. டீசலுக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. சொந்தச் சார்ஜர் இல்லாமல் பொதுச் சார்ஜரை மட்டும் நம்பித் தொலைதூரம் ஓட்ட நினைப்பவர் இந்த ஒரு வரியை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும். சொந்தச் சார்ஜருக்கும் செலவு உண்டு: 240 கிலோவாட் அளவுக்கு உயர் மின்னழுத்த இணைப்பும் தனி மின்மாற்றியும் வேண்டும், லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் கேட்புக் கட்டணம் (இணைப்பின் அளவுக்கேற்ற நிலையான கட்டணம்) கட்ட வேண்டும். ஒரே லாரிக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது. கப்பலூர் போன்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கூடங்களை வைத்திருக்கும் நான்கைந்து உரிமையாளர்கள் சேர்ந்து அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

மின் லாரியின் விலை டீசல் லாரியைப் போல இரு மடங்குக்கு மேல். சலுகை போக 50 லட்சம் ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள் என்றால், கிலோமீட்டருக்கு 11 ரூபாய் மிச்சத்தில் அதைத் திரும்ப எடுக்க, வட்டியைச் சேர்க்காமலே, ஏறக்குறைய 4.5 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். தூத்துக்குடிக்கு நாளுக்கு ஒரு நடை, அதாவது போய்வர 280 கிலோமீட்டர் என்றால், ஆண்டுக்கு 300 நாளில் 84,000 கிலோமீட்டர், ஐந்தாண்டுக்கு மேலாகும். இரண்டு நடை ஓடினால் மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும். மின் லாரியின் சங்கடமும் வழியும் இதிலேயே இருக்கின்றன: அது நிறைய ஓடினால்தான் முதல் திரும்பும், ஆனால் ஒரே மூச்சில் அதிக தூரம் ஓட அதனால் முடியாது. ஆகவே 150 கிலோமீட்டருக்குள் நாள்தோறும் இருமுறை போய்வரும் தடமும், ஆண்டு ஒப்பந்தம் தரும் சரக்குக்காரரும், இரண்டு ஓட்டுநர்களும் அமைந்தவருக்கு இன்றே வாங்கலாம் என்று சொல்வேன். ரிட்டன் லோடு எந்த ஊரிலிருந்து கிடைக்கும் என்றே தெரியாமல் வடநாடு போகிறவர் இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

சலுகை என்றால், மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 2025 ஜூலையில் வந்த விதிகளின்படி ஒரு லாரிக்கு உச்சமாக 9.6 லட்சம் ரூபாய் விலைக் குறைப்பு உண்டு. அதற்குப் பழைய லாரியை உடைப்பு மையத்தில் ஒப்படைத்த சான்றிதழ் வேண்டும். பேட்டரிக்கு ஐந்து ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதத்தையும் அந்த விதிகள் கட்டாயமாக்குகின்றன. முன்பணம் கொடுக்கும் முன் ஒதுக்கீடு மீதமுள்ளதா என்று எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். 2018 முதல் பேட்டரி வாகனங்களுக்கு பர்மிட் தேவையில்லை.

எடையை மறக்கக் கூடாது. 300 யூனிட் பேட்டரி ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். டீசல் எஞ்சினும் டேங்கும் போன எடையைக் கழித்தாலும் ஏற்றக்கூடிய பாரம் ஒரு டன்னுக்கு மேல் குறையலாம். மேலூர்க் கல்லை ஏற்றுபவருக்கு அது நேரடி வாடகை இழப்பு. மெத்தை, பிளாஸ்டிக் குடம், அப்பளப் பெட்டி ஏற்றுபவருக்கு எடைக்கு முன்பே இடம் நிரம்பிவிடுவதால் இழப்பில்லை.

கேரளத்துக்குப் போகிறவர்கள் மலையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஏற்றம், 28.5 டன்னை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 39 யூனிட் வேண்டும், மோட்டார் இழப்பும் சாலைச் செலவும் தனி. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆனால் குமுளியிலேயே முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டால் திரும்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது, சுமை முழுவதும் காற்று பிரேக்கின் மீது விழும். இறக்கத்துக்கு முன் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வை அவருடைய உரிமையாக்கியிருந்தது. நெடுஞ்சாலையில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. சார்ஜ் ஏறும் நேரம் அவர் கண்ணயர வேண்டிய நேரம், அதற்காக பேட்டாவில் கைவைக்காதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்தால், உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் தடத்தில், சித்திரை வெயிலில் ஒரு சோதனை நடை கேளுங்கள். மதுரை வெயிலில் பேட்டரியைக் குளிர்விக்கவே கொஞ்சம் மின்சாரம் போகும், மத்தியானத்தில் சார்ஜ் வேகமும் குறையலாம். எடைமேடைச் சீட்டு, புறப்பட்டபோதும் சேர்ந்தபோதும் இருந்த பேட்டரி சதவீதம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் நீங்களே குறித்து, கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பாருங்கள். வழியில் நம்பியிருக்கும் ஒவ்வொரு சார்ஜருக்கும் நேரில் போய், உங்கள் நீளமுள்ள லாரி உள்ளே நுழைந்து திரும்ப இடமிருக்கிறதா, கேபிள் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கார்களுக்காகவே கட்டப்பட்டவை பல.